எந்த எறும்பை வளர்ப்பது

நசுங்கிய எறும்புக்கு ஒரு வாசம் உண்டு. புளிப்பு என்று சொன்னால் பாதிதான் சரி. மூக்கின் உள்முனையில் ஒரு நொடி சுரீரென்று நின்றுவிட்டுப் போய்விடும். போன வாரம் மேசையில் ஆறிக்கொண்டிருந்த தேநீரை எடுக்கும்போது, கோப்பையின் காதில் ஊர்ந்த ஒன்றை அறியாமல் அழுத்திவிட்டேன். விரலை முகர்ந்தேன். ஏன் முகர்ந்தாய் என்று கேட்காதீர்கள், நம் வயதுக்காரர்கள் எதையும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் கையைக் கழுவுகிறோம். ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கோடை அந்த விரல்நுனியில் இருந்தது. சூலூருக்குப் பக்கத்தில், தறிக்கூடத்தை ஒட்டிய வீடு. அதன் ஒரு மூலையில் ஊறுகாய் தீர்ந்த கண்ணாடி பாட்டில்.

அந்த வீட்டில் நாங்கள் எதையும் வளர்க்க முடியாது. நாய் பாவு நூலைக் கடிக்கும். பூனை நூல் சுற்றிய தார்க் குச்சிகள் கிடக்கும் கூடையில் படுத்து நூலெல்லாம் மயிராக்கும். கோழி எதையாவது கொத்தும். கிளி வேண்டுமென்று ஒருமுறை கேட்டேன். எட்டுத் தறியும் ஒன்றாக ஓடுகிற சத்தத்தில் கிளி ஒரு வாரத்தில் செத்துப்போகும் என்றார் அப்பா. கிளிக்கு ஆகாத சத்தத்தில் நான் பத்து வருடமாக இருந்தேன் என்பது அப்போது தோன்றவில்லை.

சித்தி மகள் அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட ஒரு வயது இளையவள். கொடுமுடியில் சித்திக்கு இரண்டாவது கர்ப்பம் சிக்கலாகி, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், சித்தப்பா அவளைக் கொண்டுவந்து விட்டுப்போனார். முதல் நாள் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உங்கூட்டுல என்னக்கா வளக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"எறும்பு?"

"எறும்ப ஆராச்சும் வளப்பாங்களா?"

"அதுக்கு ஆருகிட்டயும் கேக்க வேண்டியதில்லியேக்கா."

அன்று மதியமே பாட்டிலைக் கழுவி, பாதிக்கு மண் போட்டு, தறியில் பழுதாகி ஒதுக்கிய காடாத் துணியை வாயில் கட்டி ரப்பர் பேண்டு மாட்டினோம். வீடு தயார். யாரைக் குடிவைப்பது என்பதுதான் மிச்சம்.

அவளுக்குக் கண்டிப்பான நிபந்தனைகள் இருந்தன. கடிக்கக் கூடாது. கூப்பிட்டால் வர வேண்டும்.

"எறும்பு எப்பிடிடி கூப்பிட்டா வரும்?"

"நீ கூப்பிட்டா வராது."

முதலில் கட்டெறும்பு. வேப்பமரத்து அடியில் பிடித்தோம். கறுத்து மினுங்கும் உடம்பு, இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சிறுத்த இடுப்பு. வேறு வேறு புற்றிலிருந்து இரண்டைப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது. சாயங்காலம் பார்த்தபோது ஒன்றின் காலை மற்றொன்றின் தலை கவ்விக்கொண்டிருந்தது. தலைக்குப் பின்னால் உடம்பு இல்லை. உடம்பில்லாத தலையைச் சுமந்துகொண்டு அது பாட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு ஊடு புடிக்கல" என்று திறந்துவிட்டாள்.

முசுறு, தறி முதலாளி தோட்டத்து மாமரத்தில் இருந்தது. இலைகளை ஒட்டவைத்துக் கூடு கட்டுகிற எறும்பு. கூட்டோடு கிளையை ஒடித்துப் பையில் போட்டது அவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டது நான். என் கழுத்து மூன்று நாள் தடித்திருந்தது. செவ்வெறும்பை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "அதுக போலீசுக்கா" என்று முடித்துவிட்டாள். சித்தெறும்பை உள்ளங்கையில் விட்டு, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, "மூஞ்சியே தெரியமாட்டேங்குது. மூஞ்சி தெரியாம எப்பிடி வளக்கறது?" என்றாள்.

கடைசியில் மிஞ்சியது பிள்ளையார் எறும்பு. கறுப்பு, பொடிசு, கடிக்காது. நேராக ஓடத் தெரியாது. எதையோ மறந்துவிட்டுத் தேடுவதுபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடும், கையில் விட்டால் கூசும். எங்கள் கூடத்தில் தார் சுற்றும் அக்கா ஒருவர் இருந்தார். நெசவுக்கான ஊடை நூலைக் குச்சிகளில் சுற்றிக்கொடுப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விடுவார், சர்ச்சைத்தான் அவர் கோயில் என்பார். அவரும் இதைச் சாமி எறும்பு என்றுதான் சொன்னார்.

"எந்தச் சாமிங்க்கா?" என்று இவள் கேட்டாள்.

"கடிக்காத சாமி, போ கண்ணு. வேல கெடக்குது."

பிள்ளையார் எறும்புகளும் நிலைக்கவில்லை. சர்க்கரைப் பாகு வைத்தால் அதிலேயே ஒட்டிக்கொண்டு செத்தன. தேங்காய்ச் சில்லு வைத்தால் பூத்துப்போனது. துணி மடிப்புக்குள் புகுந்து, இரவோடு இரவாக மொத்தக் குடும்பமும் கிளம்பிவிடும். காலையில் பாட்டிலில் மண் மட்டும் இருக்கும், வாடகைக்கு விட்ட வீடு காலியானதுபோல.

பிறகு ஒரு விடிகாலையில் அவள் என்னைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். பாயில் ஒன்றுக்குப் போயிருந்தாள். அழவில்லை. முகம் மட்டும் சுருங்கி எங்கோ போயிருந்தது.

"பெரிம்மாகிட்டச் சொல்லீராதக்கா. ஆருகிட்டயும் சொல்லாத. எங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். விரிப்பைச் சுருட்டிப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனோம். அலசுவதற்குள் முதல் ஷிப்டுக்கு ஆள் வருகிற சத்தம் கேட்டு, தொட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓடிவிட்டோம். காப்பி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், விரிப்பின் மேல் ஒரு கறுப்பு நாடு. எல்லை பிசகாமல், ஈரம் இருந்த வடிவத்திலேயே பிள்ளையார் எறும்புகள் மொய்த்துக் கிடந்தன. சுவரிலிருந்து, கருவேப்பிலைச் செடியடியிலிருந்து, வழிவழியாக இன்னும் வந்துகொண்டிருந்தன.

அவள் குந்தி உட்கார்ந்தாள். சுருங்கிய முகம் மெல்ல விரிந்தது. "என்னையத் தேடி வருதுக்கா" என்றாள்.

நான் பொறாமைப்பட்டேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? பகலில் சுவரோரம் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று ஒன்றுக்குப் போய்விட்டுக் காத்திருந்து பார்த்தோம். என் பக்கம் மண் வெயிலில் காய்ந்தது, அவ்வளவுதான். அவள் பக்கம் ஊர்வலம். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை சோதித்தேன், அவளுக்குத் தெரியாமல், நிறைய வெல்லம் தின்றுவிட்டு. என்னிடம் ஒன்றுகூட வரவில்லை. எந்த எறும்பை வளர்ப்பது என்ற விசாரணை அத்தோடு முடிந்தது. எறும்புகளே தேர்ந்தெடுத்துவிட்டன, என்னை அல்ல. அவை வரத் தொடங்கிய நாளிலிருந்து தொட்டிச் சுவரில் கரியால் ஒரு நாளுக்கு ஒரு கோடு போட்டோம்.

பாட்டில் அதன்பின் காலியாகவே இல்லை. அவள் நனைத்த துணித் துண்டைப் போட்டுவைத்தால் போதும், போனவையும் திரும்பி வந்தன. விரிப்பைத் தினமும் நான்தான் அலசினேன். அவளுக்குக் கையில் வலு இல்லை, துணியைப் பிழியும்போது மூச்சு வாங்கியது. குடத்துக்குள் சொம்பைவிட்டு மொண்டு மொண்டு குடிப்பாள், தொண்டை ஏறி இறங்குவது தெரியும். காப்பு கையிலிருந்து முழங்கைவரை ஏறியது. பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன், பத்து வயதுக் கண்ணுக்குக் கூர்மை அதிகம். அம்மாவும் பார்த்தாள். பெத்தவளைப் பிரிந்த ஏக்கம் என்று முடிவு செய்தாள். ஏக்கத்துக்கு அம்மாவிடம் இருந்த ஒரே வைத்தியம் குளுக்கோஸ் தண்ணீர், காலையும் மாலையும், பெரிய டம்ளரில்.

குளியலறையை எட்டிப்பார்த்துவிட்டு வந்து, ஒருநாள் தார் சுற்றும் அக்காதான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க்கா, பாத்ரூமுல சக்கரையக் கொட்டிப்போட்டீங்களா? எறும்பு அப்பிக் கெடக்குது."

"சக்கரைய ஆரு அங்க கொண்டுபோயிக் கொட்டுவா?" என்றாள் அம்மா.

"அப்ப ஊட்டுல ஆருக்கோ சக்கரை இருக்குதுங்க. எங்கப்பனுக்கு இப்பிடித்தான், எறும்புதான் காட்டிக் குடுத்துச்சு."

நாங்கள் இருவரும் வாசல்படியில் இருந்தோம். அவள் கை என் கைக்குள் வந்தது. குளிர்ந்த, உலர்ந்த கை. "சொல்லாதக்கா" என்று உதடு மட்டும் அசைந்தது.

அம்மா வீட்டில் இருப்பவர்களை மனதுக்குள் எண்ணினாள். தனக்கு இருக்காது, தனக்கு எதற்கும் நேரமில்லை. குழந்தைகளுக்குச் சர்க்கரை வியாதி வரும் என்று அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மிச்சம் ஓர் ஆள். நாற்பதைத் தாண்டியவர், தொப்பை உள்ளவர், டீக்கடைக்கு ஐந்து நடை போகிறவர்.

அன்று மாலை அப்பா காப்பியை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மணி, சக்கரை தீந்துபோச்சா?"

"ஊட்டுல தீருலீங்க. உங்க ஒடம்புலதான் ரொம்பிப்போச்சு."

"ஆரு சொன்னா?"

"எறும்பு சொல்லுச்சு."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒருநாள்தான். மறுநாளிலிருந்து காலையில் உப்புப் போட்ட கம்பங்கூழ், மதியம் அளந்து வைத்த சோறு, சாயங்காலம் வெந்தயம் ஊறிய தண்ணீர். லேபுக்குப் போய்ச் சோதித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிய சீட்டை வெற்றியோடு நீட்டினார். அம்மா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மிசினு தப்பாக் காட்டுமுங்க. எறும்புக்கு என்ன வந்துது பொய் சொல்ல?"

எறும்பு பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். யாருக்காக வருகிறது என்பதும் தெரியும். சின்னப் பெண், அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்திருக்காது என்று நீங்கள் எனக்காகச் சொல்லக்கூடும். வேண்டாம். அந்த வாசல்படியிலேயே பாதிக்கு மேல் புரிந்துவிட்டது. சொன்னால் விரிப்பு வெளியே வரும், அவள் மானம் போகும், அவளைக் கொடுமுடிக்கு அனுப்பிவிடுவார்கள், பாட்டில் காலியாகும், மிச்ச விடுமுறைக்கு நானும் எட்டுத் தறியும். இதையெல்லாம் ஒரு தட்டில் வைத்துவிட்டு, அடுத்த தட்டில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் இருந்தேன். அப்பா கம்பங்கூழ் குடித்தார். அவர் பங்குக் காப்பிச் சர்க்கரை, அவர் பங்குத் தேங்காய் பன், சந்தையிலிருந்து அவருக்கென்று வந்த அச்சு வெல்லம் எல்லாம், இளைத்துப்போன பிள்ளைக்குப் போயின.

"தின்னு சாமி, தின்னு. உங்கப்பன் வந்து பாத்தா நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவள் தின்றாள். எவ்வளவு தின்றும் பசித்தது.

பதினெட்டாம் கோடு போட்ட நாள். சாயங்காலம் கரண்டு போனது. எட்டுத் தறியும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, கடைசித் தறி ஒரு அடி அடித்துவிட்டு நின்றது. தறிக்கூடத்து வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அந்த அமைதி தெரியும், காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் வந்து விழும். அதற்குள் ஒரு சத்தம் கேட்டது. துருத்தி ஊதுவதுபோல, நீளமாக, ஆழமாக. பாயில் படுத்திருந்தவளின் மூச்சு. எத்தனை நேரமாக, எத்தனை நாளாக அப்படி மூச்சுவிட்டாளோ, தறி அதை எங்களுக்குக் கேட்கவிடவில்லை. பக்கத்தில் குனிந்தேன். வாயிலிருந்து பழம் அழுகத் தொடங்கும் வாசம் வந்தது. கூப்பிட்டேன். கண் பாதி திறந்து, என்னைப் பார்க்காமல் மூடியது.

முதலாளியின் மாருதி வேனில் போட்டுக்கொண்டு சூலூரிலேயே இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாயங்கால நேரம், கூட்டம். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டு, அப்படியே எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். டாக்டரம்மா கண்ணிமையை விரித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். நாக்கு மரப்பட்டைபோல் வறண்டிருந்தது.

"வாந்தி, பேதி?"

"இல்லீங்க."

"வெயில்ல ஆடினாளா?"

"நாள் முச்சூடும் வெளியதானுங்க" என்றாள் அம்மா. "எறும்பு புடிக்கறமுன்னு ரெண்டும் மண்ணுலயே கெடக்குதுங்க."

"வெயில் மயக்கம். ஒடம்புல தண்ணியே இல்ல." டாக்டரம்மா நர்ஸ் பக்கம் திரும்பினார். "குளுக்கோஸ் ஏத்தலாம், ரெடி பண்ணும்மா."

நர்ஸ் இரும்புக் கம்பியில் பாட்டிலைத் தலைகீழாக மாட்டினாள். குளுக்கோஸ் என்ற சொல் மட்டும் என் காதில் நின்றது. வீட்டில் காலையும் மாலையும் பெரிய டம்ளரில் கரைத்தது அதுதான். குழாயில் காற்றுக் குமிழ்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் புறங்கையைத் தட்டி நர்ஸ் நரம்பு தேடினாள்.

"அவளுக்குச் சக்கரைங்க" என்றேன்.

யாரும் திரும்பவில்லை. நான் அவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்கிறேன். மறுபடி சொன்னேன். இந்த முறை கத்தினேன்.

"அப்பாவுக்கில்லீங்க, இவளுக்குத்தான். தெனமும் பாயிலயே ஒண்ணுக்குப் போயிருவாளுங்க. எறும்பெல்லாம் இவளோடதுக்குத்தான் வந்துது. பதினெட்டு நாளாச்சுங்க."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "அட, பாயிலயா!" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா என் வாயைப் பொத்தக் கை நீட்டினாள், டாக்டரம்மா அந்தக் கையைத் தடுத்தார்.

"பதினெட்டுன்னு எப்படித் தெரியும்?"

"செவுத்துல கோடு போட்டிருக்கேனுங்க."

நர்ஸின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு நடந்தவை எனக்கு நிறங்களாக நினைவிருக்கின்றன. ஸ்பிரிட் விளக்கின் தெரியாத சுடர். சோதனைக் குழாயில் நல்ல நீலத் திரவம், அதில் அவளுடைய சில சொட்டு. சூடேற ஏற நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, மஞ்சளில் நிற்காமல் செங்கல் நிறத்துக்குப் போய்க் கலங்கியது. டாக்டரம்மா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றச் சொல்லி, வேறு பாட்டில் மாட்டி, அதே வேனில் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இந்தப் பாட்டில் ஏறியிருந்தால் என்று ஆரம்பித்து, அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு வாரமாகச் சர்க்கரை தொடாத மனிதர். எதிரே கடையிலிருந்து யாரோ வாங்கிவந்து கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், ஆடை படியும்வரை.

வேனில் ஏற்றும்போதுதான் கவனித்தேன். அவள் கண் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தது என்று எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருந்து மயக்கம் என்றாள் அம்மா. ஊசி போடக் கற்றுக்கொடுக்கும் நர்ஸிடம் அவள் நன்றாகவே பேசினாள். சித்தப்பா வந்து, வார்டு வாசலில் நின்று, "எம்புள்ளைக்குச் சக்கரையாக் கரச்சுக் கரச்சு ஊத்தி நோவ வர வெச்சுப்போட்டீங்க" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார். தின்னுவதால் வருகிற நோய் அல்ல அது என்று டாக்டர்கள் சொன்னது இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. அவள் ஊருக்குப் போனதோடு இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அம்மா சாகும்வரை எந்த வீட்டுக் குழந்தைக்கும் ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை, என் பிள்ளைகள் உட்பட. அவர்கள் அவளைக் கஞ்சப் பாட்டி என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. சித்தி மகள் நன்றாக இருக்கிறாள், ஈரோட்டில் ஏதோ ஆபீசில் வேலை, இன்னும் ஊசிதான் என்று உறவில் ஒருவர் மூலம் கேள்வி.

பாட்டில் என்ன ஆனது என்று தெரியவில்லை. அம்மா ஒருநாள் தொட்டிச் சுவர் முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினாள், கோடுகளும் போயின.

அவளைக் கொடுமுடிக்கு அழைத்துப்போன நாள் வரைதான் என்னால் சொல்ல முடியும். பஸ் ஸ்டாண்டில் ஈரோடு பஸ் நின்றது. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் சித்தப்பா, மடியில் ஊசி மருந்து வைத்த தெர்மாஸ். அம்மா கீழே நின்று துணிப் பையை உள்ளே நீட்டினாள். சித்தப்பா வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்காமல். இன்ஜின் உறுமத் தொடங்கியது.

"அக்காகிட்டப் போயிட்டு வாரேன்னு சொல்லு, கண்ணு" என்றார் சித்தப்பா. என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. நான்தான் காப்பாற்றினேன் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மறுபடி எப்ப வருவே?" என்றேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். அப்போதுதான், மூன்று வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக, என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்த டாக்டரம்மா காதுல சொல்லியிருக்கலாமுல்லக்கா."